பெயரேடும் குடிவழியும்: செக், ஸ்லோவாக் நாடுகளின் வரலாற்றிலிருந்து

தமிழாராய்ச்சியில் ஈடுபட்டோர்க்குப் பிராக் நகரம் புதிதன்று. அந்நகரிற் பிறந்து, அங்குள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்திற் பயின்று, சங்கப் பாடல் முதல் சித்தர் பாடல் வரை மேலைநாட்டார்க்கு எடுத்துரைத்த கமில் சுவெலபில் (1927–2009) நம் வட்டத்தார் நன்கறிந்த பேரறிஞர். அவருடைய நூல்களைப் பற்றித் தமிழுலகில் நிரம்பப் பேசியாயிற்று. அவருடைய குடும்பப் பெயரின் பொருளைப் பற்றிப் பேசுவார் அரியர். செக் மொழியில் அது ஒரு வினைச்சொல்லின் இறந்தகால வடிவம். 'சீர்ப்படுத்தினான்', 'வளம்பெறச் செய்தான்' என்று அதனைத் தமிழாக்கலாம்.

வினையே குடும்பப் பெயராக நிற்பது செக் மக்களிடையே, சிறப்பாக மொராவியப் பகுதியில், மிகுதி. நவ்ராத்தில் என்றால் 'திரும்பி வந்தான்'. விஸ்கொச்சில் என்றால் 'துள்ளியெழுந்தான்'. தொலெஷல் என்பவன் வேலை செய்யாமற் 'படுத்துக் கிடந்தான்'. கவிஞர் நெஸ்வல் அவர்களின் பெயர் 'அழைக்கவில்லை' என்று பொருள்படும். புனைகதையாசிரியர் ஹ்ரபல் பெயரோ 'வாரிக் குவித்தான்' என்பது. 'வயலுக்குள் குதி' என்று ஏவல் வாக்கியமாகவே அமைந்த குடும்பப் பெயரும் உண்டு. எவனோ ஒருவன், என்றோ ஒரு நாள் செய்த ஒரு செயலை அண்டை வீட்டார் கண்டு சொன்ன சொல், அவன் பேரர்க்கும் பேரர்தம் பேரர்க்கும் பெயராகிவிட்டது. அவன் எங்கிருந்து திரும்பி வந்தான், எவரை அழைக்கவில்லை என்பன மறைந்தன. வினை மட்டும் எஞ்சியது. கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் இச்செய்தியை முதலிற் சொல்வதே தகும் என்று கருதினேன்.

இப்பெயர்களைப் பற்றிக்கொண்டு தம் முன்னோரைத் தேடிச் செல்வோர் பல்லாயிரவர். அவர்கள் செக் குடியரசிலும் ஸ்லோவாக்கியாவிலும் மட்டுமல்லர். அமெரிக்காவின் டெக்சஸ், நெப்ராஸ்கா, அயோவா, பென்சில்வேனியா மாநிலங்களிலும், செருமனியிலும், இஸ்ரேலிலும் உள்ளனர். அவர்கள் கைக்கொள்ளும் ஏடுகள் யார் எழுதியவை, எதன்பொருட்டு எழுதப்பட்டவை, பின்னர் எவ்வாறெல்லாம் பயன்பட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரை.

எண்ணுவதற்காக எழுதப்பட்டவை

பொகீமியா, மொராவியா ஆகிய செக் நிலங்கள் ஒருபுறம்; 1918 வரை ஹங்கேரி அரசின் வடபகுதியாக விளங்கிய ஸ்லோவாக் நிலம் மறுபுறம். இரண்டும் ஹாப்ஸ்பர்க் அரச மரபின் ஆட்சியில் இருந்தவை. 1918இல் ஒரே நாடாக இணைந்து, 1993 சனவரி முதல் நாள் இரு நாடுகளாகப் பிரிந்தன. ஆகவே இவ்விரு நாட்டாரின் குடிவழி ஆய்வு பலவகையில் ஒத்தும் சிலவகையில் வேறுபட்டும் நடக்கிறது.

ஆய்வின் அடித்தளம் 'மாத்ரிகா' எனப்படும் பங்குப் பதிவேடு. திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குக் குருமார் எழுதிவைக்க வேண்டுமெனத் திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. அதற்கு முன்பே, வடமேற்குப் பொகீமியாவின் வெள்ளிச் சுரங்க ஊர்களில் லூத்தரன் குருமார் இவ்வழக்கத்தைத் தொடங்கிவிட்டனர். அவ்வூர்களுள் ஒன்று யாகிமொவ். அவ்வூரின் செருமானியப் பெயராகிய யோவாகிம்ஸ்தால் என்பதன் கடைப்பகுதியே 'தாலர்' என்னும் வெள்ளிக்காசின் பெயராகி, கடல் கடந்து 'டாலர்' ஆயிற்று என்பது இடையே சொல்லத்தக்க ஒன்று.

1620 நவம்பர் 8 அன்று பிராக் நகருக்கு அருகே நிகழ்ந்த வெண்மலைப் போரில் பொகீமியச் சீர்திருத்தச் சபையினர் தோற்றனர். 1627இல் பொகீமியாவிலும், அடுத்த ஆண்டு மொராவியாவிலும் புதிய நிலச்சட்டம் வந்தது; கத்தோலிக்கமே ஒப்புக்கொள்ளப்பட்ட சமயமாயிற்று. உயர்குடியினர் பலர் நாடு நீங்கினர். பண்ணைக்குக் கட்டுப்பட்ட உழவனுக்கோ நீங்கும் உரிமை இல்லை. அவன் எதை நம்புகிறான் என்று அறிய விரும்பிய அரசு, 1651இல் பொகீமியாவில் 'சமயவாரியான குடிகள் பட்டியல்' ஒன்றை எழுதுவித்தது. பெயர், நிலை, தொழில், வயது, சமயம் ஆகியவற்றோடு ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது. கத்தோலிக்கர் அல்லாதவராயின், அவர் மனம் மாறுவாரென்னும் நம்பிக்கை உண்டா என்பது அக்கட்டத்தின் வினா. எழுத்தன் ஒருவன் ஊர் ஊராக அமர்ந்து, ஒவ்வொருவர் உள்ளத்தையும் 'உண்டு', 'இல்லை' என்னும் இரு சொற்களில் அளந்து சென்றான். அளவையின் கொடுமை அவ்வாறிருக்க, இப்பட்டியலில் மனைவியர் பெயரும் மக்கள் பெயரும் உள்ளன. மூன்று ஆண்டுகள் கழித்து 1654இல் முடிந்த வரிப்பதிவிலோ நிலமுடைய ஆடவன் பெயரே உண்டு. அவனுடைய உழவு மாடுகளைக் கணக்கிட்டவர்கள் மனைவியைக் கணக்கிடவில்லை. தன் குடிவழியில் 17ஆம் நூற்றாண்டுப் பெண்ணொருத்தியின் பெயரைக் காண விழைபவர், அவளுடைய நம்பிக்கையை ஐயுற்ற ஏட்டுக்கே நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

1770இல் வீடுகளுக்கு எண் இடப்பட்டது. படைக்கு ஆள் எடுப்பதற்காக மரியா தெரசா அரசியார் பிறப்பித்த ஆணை அது. அந்த எண்முறை இன்றும் செக் நாட்டில் நின்று நிலவுகிறது. பிராக் நகரின் வீட்டுச் சுவர்களில் சிவப்புப் பலகையில் ஓர் எண்ணும் நீலப் பலகையில் ஓர் எண்ணும் காணலாம். நீலம் தெருவில் அவ்வீட்டின் வரிசையெண்; சிவப்பு, படைக்கணக்கின் வழிவந்த எண். அரசியாரின் மகன் இரண்டாம் ஜோசப் 1781இல் சமயப் பொறையாணை பிறப்பித்தார். அவ்வாண்டே உழவர்தம் ஆளடிமைநிலையையும் நீக்கினார். 1784இல் பங்குப் பதிவேட்டை அரசுச் சான்றாக்கினார். அதுவரை குருவானவர் தம் விருப்பப்படி நீள்வரியாக எழுதியது, இனிக் கட்டம் கட்டிய அட்டவணையாயிற்று. ஒவ்வோர் ஊருக்கும் தனிப் பகுதி. வீட்டெண், பெயர், சமயம், பாலினம், மணவழிப் பிறப்பா அல்லவா, பெற்றோர், ஞானப்பெற்றோர் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். குழந்தையை ஏந்திய மருத்துவச்சியின் பெயரும் பல ஏடுகளில் உண்டு. குழந்தை பிழைக்காதென அஞ்சியவிடத்து அவளே அவசரத் திருமுழுக்கு அளித்தாள் என்னும் குறிப்பும் ஆங்காங்கே காணப்படும்.

வரி எவ்வளவு, படைக்கு ஆள் எத்தனை, எவன் எந்தக் கோயிலுக்குச் செல்கிறான் என்பனவே ஆட்சியாளர் கேட்ட வினாக்கள். இன்று ஏட்டைப் பிரிப்பவர் கேட்பது, 'என் பாட்டியைப் பெற்றவள் யார்?' என்பது. கேளாத வினாவுக்கு ஏடு விடை சொல்வதால்தான் இவ்வாய்வு கடினமாகவும் சுவையாகவும் இருக்கிறது.

ஒருவர் தடுமாற, மற்றவர் உதவ

இவ்வேடுகளைத் தனியாளாகப் படித்துவிட இயலாது. இலத்தீன், செருமன், செக் ஆகிய மூன்றும் ஒரே ஏட்டிற் கலந்து வரும். ஸ்லோவாக் பகுதியாயின் 19ஆம் நூற்றாண்டில் ஹங்கேரிய மொழியும் சேரும். எழுத்தோ, 'குர்ரென்ட்' எனப்படும் பழைய செருமானியக் கூட்டெழுத்து. குருவானவர் இறகுப் பேனாவை எப்போது சீவினார், எப்போது சோர்ந்தார் என்பதெல்லாம் கையெழுத்திலேயே தெரியும். ஆதலால் ஆவணக் காப்பகங்களின் படிப்பறைகளிற் பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு வரியைக் காட்டிக் கேட்பது இத்துறையின் நெடுநாள் வழக்கம். இலத்தீன் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், செருமன் கூட்டெழுத்து அறிந்த முதியவர் ஒருவர், தம் வட்டாரத்துப் பண்ணைப் பெயர்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் உழவர் ஒருவர் என இவர்களாற்றான் ஆய்வு நகர்கிறது. பட்டம் பெற்ற வரலாற்றாசிரியரைக் காட்டிலும் இத்தகைய ஆர்வலர்களே ஊரளவிலான செய்திகளை நுணுகி அறிந்தவர்கள் என்பது என் கருத்து.

தொடக்கநிலையினர் இடறும் இடமொன்றைக் காட்டுகிறேன். '7பெர்' என்று ஏட்டில் ஒரு திங்கள் குறிக்கப்பட்டிருக்கும். ஏழாம் திங்கள் சூலை என்று கொண்டால் பிழை. இலத்தீனில் 'செப்தெம்' என்பது ஏழு. ஆகவே '7பெர்' செப்டம்பர். அவ்வாறே 8 அக்டோபர், 9 நவம்பர், பத்தைக் குறிக்கும் உரோமானிய எழுத்து டிசம்பர். உரோமாபுரியின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கிய செய்தி, பொகீமிய உழவன் மகனின் பிறந்த நாளில் ஒளிந்திருக்கிறது.

பெயர்களின் நிலை இதனினும் சிக்கலானது. வோய்தியெக் என்னும் செக் பெயரை இலத்தீனில் 'அதால்பெர்த்துஸ்' என்று எழுதுவர். ஹங்கேரிய எழுத்தன் அதனையே 'பேலா' என்று எழுதுவான். அதே ஆள் கப்பலேறி அமெரிக்கா சென்றால் 'ஆல்பர்ட்'. வாத்ஸ்லாவ் என்னும் புனிதர் பெயர் இலத்தீனில் 'வென்செஸ்லாவுஸ்'. அமெரிக்காவிலோ பல செக் குடியேறிகள் அதனை, ஒலியுறவு சற்றும் இல்லாத 'ஜேம்ஸ்' என்று மாற்றிக்கொண்டனர். பாட்டனார் பெயர் ஜேம்ஸ் என்று மட்டும் அறிந்த பேரன், பொகீமிய ஏட்டில் எந்தப் பெயரைத் தேடுவான்? அவனுக்கு இதைச் சொல்லக்கூடியவர், அதே இடறலை முன்னரே கடந்த மற்றோர் ஆர்வலர்தாம்.

நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டனர் என்னும் கதை குடும்பந்தோறும் வழங்குகிறது. அது கதையே. அங்கிருந்த எழுத்தர்கள், ஐரோப்பியத் துறைமுகத்தில் எழுதப்பட்டுக் கப்பலோடு வந்த பட்டியலைச் சரிபார்த்தனரேயன்றிப் புதுப்பெயர் இடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் குடியேறியவர்களே. வேலைத்தலத்திலும் பள்ளியிலும் சிறிது சிறிதாக நிகழ்ந்த மாற்றம் அது. ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1928இல் பிட்ஸ்பர்க் நகரிற் பிறந்தவர். அவருடைய பெற்றோர் வடகிழக்கு ஸ்லோவாக்கியாவில் உள்ள மிக்கோவா என்னும் சிற்றூரினர், ருசின் இனத்தவர், கிரேக்கக் கத்தோலிக்கர். குடும்பப் பெயர் வார்ஹோலா. கடைசி உயிரெழுத்தை உதிர்த்தவர் ஓவியரே. தந்தை புறப்பட்டபோது அவ்வூர் ஹங்கேரி அரசில் இருந்தது; சில ஆண்டுகள் கழித்துத் தாய் புறப்பட்டபோது செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஸ்லோவாக் நிலத்துக்கே உரிய ஏடு ஒன்றை இங்குச் சுட்டாமல் விடலாகாது. 1767இல் மரியா தெரசா அரசியார் ஹங்கேரி அரசுக்குட்பட்ட உழவர்தம் கடமைகளை வரையறுக்க முற்பட்டபோது ஊர்தோறும் ஒன்பது வினாக்கள் கேட்கப்பட்டன. பண்ணைக்கு எத்தனை நாள் உழைக்கிறீர் என்பது போன்றவற்றோடு, உங்கள் ஊரின் நலன்கள் யாவை, குறைகள் யாவை என்றும் வினவினர். ஸ்லோவாக் ஊர்கள் பலவற்றின் விடைகள் மக்கள் மொழியிலேயே பதிவாகியுள்ளன. எழுதப் படிக்கத் தெரியாத உழவர், ஆற்று வெள்ளம், சந்தையின் தொலைவு, காட்டு விறகு பற்றித் தம் வாயாற் சொன்னவை அவை. அவர்கள் குரல் நேராகக் கேட்கும் இடம் அவ்வேடு.

குருதியா, வீடா?

குடிவழி என்றவுடன் தந்தைவழிப் பெயரைத் தொடர்ந்து மேலே ஏறிச் செல்வதென்றே பலரும் நினைப்பர். செக் நாட்டில், சிறப்பாகத் தென்பகுதியில், அது பலவிடங்களில் பொய்த்துவிடும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரையிலும் உழவனுடைய பெயர் அவன் வாழ்ந்த பண்ணைவீட்டைச் சார்ந்திருந்தது. நோவாக் பண்ணையின் கைம்பெண்ணையோ மகளையோ மணந்து அவ்வீட்டிற் புகுந்த த்வோர்ஷாக், ஊரார் வாயில் நோவாக் ஆகிவிடுவான். முதற்குழந்தையின் பதிவில் த்வோர்ஷாக், இரண்டாம் குழந்தையின் பதிவில் 'த்வோர்ஷாக் என்கிற நோவாக்', மூன்றாம் குழந்தையின் பதிவில் நோவாக் என்று வருதல் உண்டு. இரண்டாம் ஜோசப் 1780களில் பிறப்பித்த பெயராணை இந்நெகிழ்ச்சியை முடித்துவைத்தது. அதற்கு முன்னர்ப் பெயரைத் தொடர்பவர் வீட்டைத் தொடர்கிறாரேயன்றிக் குருதியைத் தொடர்வதில்லை.

இதனை ஒரு குழப்பமாகவே நூல்கள் கூறுகின்றன. எனக்கு அது வேறாகத் தோன்றுகிறது. பெண்ணின் வீட்டுக்கு வந்த ஆடவன் அவ்வீட்டின் பெயரை ஏற்றான் என்பது, பெண்ணின் பெயரை ஏடுகள் எத்துணை எளிதிற் கைவிட்டன என்பதோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது. 1784க்கு முற்பட்ட திருமுழுக்குப் பதிவுகள் பலவற்றில் தாய்க்குக் கிடைத்த இடம் ஒரு சொல்: 'அன்னா', 'தொரொத்தா', 'லுத்மிலா'. எவர் மகள் என்பது இல்லை. அவளைப் பின்தொடர வேண்டுமாயின் திருமணப் பதிவு கிடைத்தல் வேண்டும். அது அவள் பிறந்த பங்கில் நடந்திருக்கும். அப்பங்கு எது என்பதோ கணவன் வீட்டு ஏட்டில் இராது. ஆடவர் கிளைகள் ஆறேழு தலைமுறை நீண்டிருக்க, பெண்டிர் கிளைகள் பாதியில் முறிந்து நிற்கும் குடிவழி மரங்களை நான் பலவாகக் கண்டிருக்கிறேன். பெண்ணின் குடும்பப் பெயரோடு 'ஓவா' என்னும் ஈறு சேர்ப்பது செக் வழக்கு. விரும்பினால் அவ்வீறின்றியே பெயரை வைத்துக்கொள்ளும் உரிமையைச் செக் பெண்டிர் அனைவரும் 2022 முதற்றான் பெற்றனர்.

பங்கு ஏடு வறண்டிருக்கும் இடத்தில் நில ஏடு ஈரமுடையது. பண்ணை கைமாறும்போது அதன் விலையும், உடன்பிறந்தார்க்குத் தரவேண்டிய பங்கும் நில ஏட்டில் எழுதப்பட்டன. முதியோர் பண்ணையை மகனிடமோ மருமகனிடமோ ஒப்படைத்துவிட்டு ஒதுங்கும்போது, சாகும் வரை தமக்குரியவற்றை ஒப்பந்தமாக எழுதிக்கொண்டனர். இத்தனை மரக்கால் கம்பரிசி, இவ்வளவு பால், இத்தனை முட்டை, ஒரு பசுவுக்குத் தொழுவத்தில் இடம், குளிர்காலத்தில் அடுப்பருகே இருக்கை என்று அது விரியும். மக்கள் மேல் நம்பிக்கையில்லாமையா, அன்றி நம்பிக்கையைச் சண்டையினின்று காக்கும் ஏற்பாடா என்பதைப் படிப்பவரே உய்த்துணரலாம். ஒரு குடும்பத்தின் உள்வீட்டை இவ்வளவு அணுகிக் காட்டும் ஏடு வேறில்லை.

கஃப்கா குடும்பத்தின் மூன்று தலைமுறை

யூதர்தம் குடிவழியை ஆய்வோர் வேறொரு சட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும். 1726, 1727ஆம் ஆண்டுகளில் ஆறாம் சார்லஸ் பேரரசர், பொகீமியாவில் 8,541 யூதக் குடும்பங்களும் மொராவியாவில் 5,106 யூதக் குடும்பங்களுமே இருக்கலாம் என வரையறுத்தார். குடும்பத்தில் ஒரு மகனுக்கே மணவுரிமை. அதுவும் தந்தையின் இடம் காலியானபின். பிற மக்கள் மணமின்றி வாழ வேண்டும். அன்றேல் நாடு நீங்க வேண்டும். மொராவிய யூதர் பலர் எல்லை கடந்து ஸ்லோவாக் நிலத்திற் குடியேறியதன் காரணம் இதுவே. நீங்காதோர் சமய முறைப்படி பரண்மேல் மறைவாக மணம் முடித்தனர். சட்டம் அம்மணத்தை ஏற்கவில்லை. பிறந்த குழந்தைகள் மணவழியல்லாதார் என எழுதப்பட்டுத் தாயின் குடும்பப் பெயரைப் பெற்றனர். ஏட்டை மேலோட்டமாகப் படிப்பவர் ஒழுக்கக் கேடென்று கருதும் வரிகளில் உள்ளது, கடவுள் முன் மணந்து அரசின் முன் மணவாதிருந்த இணையரின் வாழ்வு.

தென்பொகீமியாவில் ஓசெக் என்னும் சிற்றூரில் இறைச்சி வணிகம் செய்த யாக்கோப் கஃப்கா அத்தகைய இளைய மகன்களுள் ஒருவர். 1848ஆம் ஆண்டுப் புரட்சி அக்கட்டுப்பாட்டைத் தளர்த்திய பின்னரே, 1849இல், முப்பத்தைந்து வயதளவில் அவர் மணம் முடிக்க இயன்றது. அவருக்கு 1852இற் பிறந்த மகன் ஹெர்மன் பிராக் சென்று கடை வைத்தார். செக் மொழியில் 'காவ்கா' என்பது காக்கையினத்துச் சிறு பறவை ஒன்றின் பெயர்; கடையின் சின்னமும் அப்பறவையே. ஹெர்மனின் மகன் ஃபிரான்ஸ், 1883இற் பிறந்தவர், உலகம் அறிந்த எழுத்தாளர். கதவின் முன் வாழ்நாளெல்லாம் காத்திருக்கும் மனிதனைப் பற்றி எழுதியவருடைய பாட்டனார், மணவுரிமைக்காக அவ்வாறே காத்திருந்தவர் என்பதைத் திறனாய்வாளர் இன்னும் கருத்திற் கொள்ளலாம்.

ஃபிரான்ஸ் 1924இல் காசநோயால் இறந்தார். அவருடைய தங்கையர் மூவர். 1939 மார்ச்சில் செருமானிய நாசிப்படை பிராக் நகரிற் புகுந்தது. அவ்வாண்டு சூன் மாதம் வந்த ஆணை, எவர் யூதர் என்பதைப் பாட்டன் பாட்டியரின் சமயத்தைக் கொண்டு வரையறுத்தது. நால்வருள் மூவர் யூதராயின் அவரும் யூதர்; அவர் என்ன நம்புகிறார் என்பது பொருட்டன்று. அன்றுமுதல் பங்குக் குருமாரின் வாயிலில் கூட்டம். அரசுப் பணியில் இருந்தோரும் பிறரும் தம் பாட்டன் பாட்டியர் திருமுழுக்குப் பெற்றமைக்குச் சான்று கேட்டு நின்றனர். இன்றும் பல செக் குடும்பங்களில் பேணப்படும் பழைய குடிவழி அட்டவணைகளுள் அவ்வச்சத்திற் பிறந்தவை உண்டு. அழகிய கையெழுத்தில், முத்திரைகளோடு இருக்கும். எதற்காக எழுதப்பட்டது என்று பேரர் அறியாமலே சட்டமிட்டு மாட்டிவைத்திருப்பர்.

கஃப்காவின் தங்கையருள் மூத்தவர் இருவரும் 1941இல் போலந்தின் லோட்ஸ் நகரக் கெட்டோவுக்குக் கடத்தப்பட்டனர், மீளவில்லை. இளையவர் ஒத்லாவின் கணவர் செக் கத்தோலிக்கர். அம்மணத்தால் அவருக்குச் சிறிது பாதுகாப்பு இருந்தது. மணமுறிவு ஏற்பட்டு அப்பாதுகாப்பு நீங்கியது. தெரெசின் முகாமுக்கு அனுப்பப்பட்ட ஒத்லா, 1943 அக்டோபரில் ஒரு குழந்தைக் கூட்டத்துக்குத் துணையாகத் தாமே முன்வந்து அவுஷ்விட்ஸ் சென்று அங்கே கொல்லப்பட்டார். முதல் தலைமுறைக்கு மணவுரிமை மறுத்த ஏடும், மூன்றாம் தலைமுறைக்கு உயிருரிமை மறுத்த ஏடும் ஒரே வகையினவே.

ஸ்லோவாக்கியாவில் அப்போது நாசியரோடு இணங்கிய தனியரசு நடந்தது. அதன் தலைவர் யோசெப் திஸோ ஒரு கத்தோலிக்கக் குரு. 1942 மார்ச் 25 அன்று அந்நாட்டு யூதரைக் கடத்துதல் தொடங்கியது. அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ 58,000 பேர். அதே நாட்டில், முன்தேதியிட்ட திருமுழுக்குச் சான்று எழுதிக் கொடுத்து உயிர் காத்த குருமாரும் இருந்தனர். வரலாற்றுச் சான்று என்ற வகையில் அத்தேதிகள் பொய்யானவை. குடிவழி ஆய்வாளர் அவற்றைத் திருத்தி எழுதுங்கால், பொய்யான தேதியையும் அருகே விட்டுவைத்தல் வேண்டும் என்பேன்.

ஏடுகள் தங்கின, மக்கள் நீங்கினர்

போர்க்காலத்தில் செக் நிலத்து யூதப் பதிவேடுகள் ஓரிடத்திற் குவிக்கப்பட்டன. அவற்றுள் மிகப் பல போர் முடியுந்தறுவாயில் அழிக்கப்பட்டன. தப்பியவை இன்று பிராக் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. போருக்குப் பின் ஏறத்தாழ முப்பது இலட்சம் செருமானியர் செக்கோஸ்லோவாக்கியாவினின்று வெளியேற்றப்பட்டனர். அவர்கள் பதிவேடுகள் வெளியேறவில்லை. வட பொகீமியாவின் லித்தோமியெர்ஷித்ஸே காப்பகத்தில் அடுக்கியிருக்கும் செருமானிய ஊர் ஏடுகளிற் பலவற்றுக்கு உரியோர் இன்று எல்லைக்கு அப்பால் இருக்கின்றனர். அவர்கள் கேட்கும் வரிகளைத் தேடிக் கொடுப்போரில், வெறுமையான அவ்வூர்களில் 1945க்குப் பின் குடியேறிய செக் மக்களின் பிள்ளைகளும் உண்டு.

1948 பிப்ரவரியில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. 1950 சனவரி முதல் பங்குப் பதிவேடுகள் அரசுடைமையாயின. கோயில்களினின்று அவை வெளியே எடுக்கப்பட்டன. மீண்டும், 'உன் தந்தை யார்?' என்று அரசு கேட்டது. 1651இல் சமயத்தையும் 1939இல் குருதியையும் அறியக் கேட்ட வினா, இப்போது வர்க்கத்தை அறியக் கேட்கப்பட்டது. ஆலை முதலாளியின் மகனுக்கும் பெருநிலக்காரரின் மகளுக்கும் பல்கலைக்கழக வாயில் அடைபட்டது. முன்னோரை ஆராய்வது ஐயத்துக்குரிய பொழுதுபோக்காயிற்று. 1929இல் பிராக் நகரில் தோன்றியிருந்த குடிவழிக் கழகம் நிலைக்கவில்லை. 1968ஆம் ஆண்டு ஆகஸ்டில் சோவியத் படைகள் புகுந்தபின், சுவெலபில் உட்படப் பலர் நாடு நீங்கினர். வியப்பென்னவெனில், அடுத்த ஆண்டே, 1969இல், பிராக் நகரில் குடிவழிக்கும் மரபுச் சின்னங்களுக்குமான புதிய கழகம் தோன்றியது. நிகழ்காலம் பேச இயலாததாகிவிட்ட நாட்டில், இறந்தகாலத்தை ஊரூராக, வீட்டெண் வீட்டெண்ணாகத் தேடுவதற்கு ஆள் கூடினர் என்றே நான் இதனைப் பொருள்கொள்கிறேன்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் 1988இல் செக்கோஸ்லோவாக் குடிவழிக் கழகம் தொடங்கியது. மறு ஆண்டு நவம்பரில் பிராக் ஆட்சி வீழ்ந்தது, வாயில்கள் திறந்தன. 1991இல் ஸ்லோவாக்கியாவின் மார்த்தின் நகரிலும் ஒரு கழகம் தோன்றியது. பாட்டனாரின் ஊர்ப்பெயரைத் தவறான எழுத்துக்கூட்டலோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்த அமெரிக்கரை, அவ்வூர்ப் பெரியவர் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லும் காட்சி 1990களில் எங்கும் நிகழ்ந்தது. இப்போது த்ர்ஷெபோன், பில்சன், புர்னோ, ஒப்பாவா முதலிய காப்பகங்கள் ஏடுகளைப் படமெடுத்துக் கணினித் திரையிற் காணத் தந்துள்ளன. பிறப்பேடு கடைசிப் பதிவுக்கு நூறாண்டு கழிந்தும், திருமண ஏடு எழுபத்தைந்தாண்டு கழிந்தும் காப்பகத்துக்கு வரும். படம் எளிதிற் கிடைக்கிறது. படிப்பதற்கு இன்னும் துணை வேண்டியிருக்கிறது. 'ப்சொத்னிக்' என்று இறப்புக் கட்டத்தில் மீண்டும் மீண்டும் வருவது என்ன நோய் என்று புதியவர் கேட்பார். குழந்தைகளுக்கு வரும் வலிப்பு என்று பழகியவர் சொல்வார். ஒரே வீட்டெண்ணில், ஒரே தாய்க்கு, அச்சொல் எத்தனை முறை வந்துள்ளது என்று இருவரும் சேர்ந்து எண்ணுவர்.

பிராக் நகரின் பிங்காஸ் தொழுகைக்கூடச் சுவர்களில், கொல்லப்பட்ட செக், மொராவிய யூதர் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. வாக்லாவ் போஷ்திக், யிர்ஷி யோன் என்னும் ஓவியர் இருவர் 1954 முதல் 1959 வரை கையால் எழுதியவை அவை. 1968க்குப் பின் கூடம் மூடப்பட்டது, எழுத்துகள் அழிந்தன. 1992 முதல் 1996 வரை மீண்டும் ஒவ்வொரு பெயராக எழுதினர். 1937இல் பிராக் நகரிற் பிறந்து, ஈராண்டுக் குழந்தையாகப் பெற்றோருடன் இங்கிலாந்துக்குத் தப்பி, அங்கே கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்று, 1948இல் அமெரிக்கா சேர்ந்தவர் மெடலின் ஆல்பிரைட். தந்தைவழிக் குடும்பப் பெயர் கொர்பெல். 1996இல் அவர் அக்கூடத்தைப் பார்வையிட்டார். பெயர்களுள் தமக்குரியது இருக்கும் என்று எண்ணவில்லை. 1997இல், அமெரிக்காவின் முதற் பெண் வெளியுறவு அமைச்சராக அவர் பொறுப்பேற்ற வேளையில், செய்தியாளர் ஒருவர் பழைய ஆவணங்களைத் தேடி, அவருடைய பாட்டன் பாட்டியருள் மூவர் யூதப் படுகொலையில் மாண்டதை வெளிக்கொணர்ந்தார். பெற்றோர் அதனை ஒருபோதும் சொல்லியிருக்கவில்லை. அவ்வாண்டு சூலையில் ஆல்பிரைட் மீண்டும் பிராக் சென்றார். அதே சுவரின் முன் நின்று தந்தையைப் பெற்றோரின் பெயர்களைத் தேடினார். இருவர் பெயரும் அங்கே இருந்தன.